எஸ்இஇசட் பக்கத்துல ப்ளாட் வாங்கலாமா? வரிச்சலுகை மண்டலத்தை எப்படிப் படிக்கணும்?



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செய்யாறு பக்கம் பைக்கில் போயிருக்கீங்களா? "எஸ்இஇசட் 10 நிமிடத்தில், அப்ரூவ்டு ப்ளாட், லோன் வசதி உண்டு" என்று ஒரு போர்டாவது கண்ணில் படும். முதல் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, வீட்டில் "ஒரு இடம் வாங்கிப் போடுப்பா" என்ற பேச்சு. உடனே அட்வான்ஸ் கொடுத்துடலாமா? கொடுக்கும் முன் அந்த மூணு எழுத்துக்குப் பின்னால் என்ன கணக்கு ஓடுது என்று பார்த்துடுவோம்.

கம்பெனிக்கு என்ன கிடைக்கும்?

சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கான சட்டம் 2005-ல் வந்தது. நோக்கம் எளிமையானது: வரியை விட்டுக்கொடுத்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் அந்த ஊருக்கு வேலை வரும்.

பழைய வரி முறையில் நமக்கு 80சி இருந்தது போல, இந்த மண்டலத்துக் கம்பெனிக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 10ஏஏ பிரிவு. ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 வருஷம் 100% விலக்கு. அடுத்த 5 வருஷம் 50%. அதற்கடுத்த 5 வருஷம், லாபத்தைத் திரும்பத் தொழிலிலேயே போட்டால் 50% வரை. இது போக, இறக்குமதி செய்யும் பொருளுக்குச் சுங்க வரி கிடையாது.

ஒரு கணக்கு போடுவோம். ஏற்றுமதி லாபம் ₹100 கோடி, வரி சுமார் 33% என்றால், முதல் 5 வருஷம் வருஷத்துக்கு ₹33 கோடி மிச்சம். ஆனால் 2011-12 முதல் இந்தக் கம்பெனிகள் மீதும் மேட் என்ற குறைந்தபட்ச வரி வந்தது. அதே லாபத்துக்கு அப்போது சுமார் ₹20 கோடி கட்டியாக வேண்டியிருந்தது. பிற்பாடு கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தாலும், கையிலிருந்து உடனே போன காசு அது. சலுகை கொடுத்த கையே பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஊருக்கு என்ன கிடைத்தது?

இதற்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை விடப் பெரிய பாடம் கிடையாது. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை. சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போன இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆயிரக்கணக்கில். அவர்களை நம்பி வாடகை வீடு, மெஸ், ஹாஸ்டல்.

2013-ல் பெரிய வரிப் பிரச்சினை வெடித்தது. ஸ்மார்ட்போன் போட்டியில் நோக்கியா ஏற்கெனவே பின்தங்கியிருந்தது. போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவுக்காக வேலை செய்த ஃபாக்ஸ்கான் யூனிட்டும் அந்த வருஷக் கடைசியில் மூடியது.

ஆனால் அதே வளாகத்தில் சார்ஜர் செய்த சால்காம்ப் தாக்குப்பிடித்தது. அது நோக்கியாவுக்கு மட்டும் சார்ஜர் செய்யும் கம்பெனி இல்லை, மற்ற பிராண்டுகளும் வாடிக்கையாளர்கள். மூடிக் கிடந்த நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்ளப் போவதும் அதே சால்காம்ப்தான் என்று 2019-ல் அறிவிப்பு வந்தது.

வரிச்சலுகை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் எத்தனை வாடிக்கையாளர் என்பதில்தான் இருந்தது.

சலுகை ஏன் வேர் விடுவதில்லை?

முதல் காரணம், இது லாபத்துக்குக் கொடுக்கிற சலுகை. வேலைக்குக் கொடுக்கிற சலுகை இல்லை. 100 பேரை வைத்து லாபம் பார்த்தாலும், 1,000 பேரை வைத்துப் பார்த்தாலும் விலக்கு ஒன்றுதான்.

இரண்டாவது, உதிரி பாகம் வரியில்லாமல் வெளிநாட்டிலிருந்து வரும்போது, பக்கத்து ஊர்ச் சின்னப் பட்டறையில் வாங்க வேண்டிய அவசியம் குறைகிறது.

மூன்றாவது, அறிவிப்பு வேறு, நடப்பு வேறு. 2014-ல் வந்த சிஏஜி தணிக்கை அறிக்கையின்படி, நாடு முழுக்க எஸ்இஇசட்டுக்காக 45,000 ஹெக்டேருக்கு மேல் அறிவிக்கப்பட்டதில் சுமார் 28,000 ஹெக்டேரில்தான் வேலை தொடங்கியிருந்தது. 2006-07 முதல் 2012-13 வரை அரசு விட்டுக்கொடுத்த வரியோ ₹83,000 கோடிக்கு மேல். அது நம்ம எல்லார் பணமும்தான்.

2020-க்குப் பிறகு தொடங்கும் புது யூனிட்டுகளுக்கு 10ஏஏ கிடையாது. 2023 டிசம்பரில், ஐ.டி. எஸ்இஇசட் கட்டடங்களில் தளம் தளமாகப் பிரித்துச் சலுகை இல்லாத கம்பெனிகளுக்கும் இடம் கொடுக்கலாம் என்று விதியே மாறிவிட்டது. அப்படியென்றால் போர்டில் "எஸ்இஇசட்" என்று போட்டிருப்பதற்கு இன்று பழைய மதிப்பு இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 4 கேள்வி

1. மண்டலம் அறிவிப்பில் இருக்கா, இயங்குதா? வர்த்தக அமைச்சகத்தின் எஸ்இஇசட் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. காலை ஷிஃப்ட் நேரத்தில் நேரில் போய் எத்தனை கம்பெனி பஸ் உள்ளே போகுது என்றும் எண்ணிப் பாருங்க.

2. ஒரே பெரிய கம்பெனியா, பல கம்பெனிகளா? ஒன்றுதான் என்றால், அந்தக் கம்பெனி இருமினால் ஊருக்கே காய்ச்சல்.

3. சலுகை எப்போ முடியுது? 10 வருஷத்துக்கு முன்னாடி வந்த கம்பெனி என்றால், அதன் பெரிய சலுகைக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

4. சலுகை போனாலும் நிற்பது என்ன? நெடுஞ்சாலை, துறைமுகம், பாலிடெக்னிக், வேலை தெரிந்த ஆட்கள். ஸ்ரீபெரும்புதூர் எழுந்து நின்றதற்கு இதெல்லாம் முக்கியக் காரணம்.

கடைசியா, உங்க பர்ஸ் விஷயம்

நீங்க அதே மண்டலத்தில் வேலை பார்க்கிறீங்க, பக்கத்திலேயே லோன் போட்டு வீடு வாங்குறீங்க, மாடியை அங்கே வேலை செய்பவருக்கே வாடகைக்கு விடுறீங்க என்று வைத்துக்கொள்வோம். பார்க்க மூணு வருமானம், மூணு சொத்து மாதிரி இருக்கும். உண்மையில் மூணும் ஒரே கயிற்றில் தொங்குது. அந்த கேட் மூடினால் சம்பளம் நிற்கும், வாடகை நிற்கும், வீட்டை விற்கவும் ஆள் இருக்காது. இஎம்ஐ மட்டும் நிற்காது.

அதனால் அங்கே வேலை செய்பவர்கள் முதல் இரண்டு வருஷம் வாடகையிலேயே இருங்க. 6 மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தனியாக எடுத்து வைங்க. அப்புறமும் ப்ளாட் பிடித்திருந்தால், எஸ்இஇசட் என்ற வார்த்தையை போர்டிலிருந்து மனசுக்குள் அழிச்சுட்டு, அதே விலைக்கு வாங்குவீங்களா என்று கேட்டுப் பாருங்க. "ஆமாம்" என்றால் தாராளமா மேலே போங்க. "இல்லை" என்றால் அட்வான்ஸ் காசு உங்க அக்கவுண்ட்டிலேயே இருக்கட்டும்.