கூட்டத்தை அளக்க ஒரு கணக்கு

"ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லை" என்று மனு எழுதுகிறோம். எவ்வளவு கூட்டம் என்று அதிகாரி திருப்பிக் கேட்டால் விழிக்கிறோம். ஒரு மூட்டை பருப்பு குறைந்தாலும் பேரேட்டைப் புரட்டும் நாம், கடைப் பையனும் வாடிக்கையாளரும் அரை நாள் வரிசையில் நிற்பதற்குக் கணக்கு வைப்பதில்லை.

அரசு வைத்திருக்கும் கணக்கு இது: சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி நாமக்கல் மாவட்டத்தில் 17.26 லட்சம் பேர். சமவெளி அளவில் வகுத்தால் சுமார் 58 நிலையங்கள் வரும். 34.82 லட்சம் பேர் உள்ள சேலத்துக்கு 116. அத்தனை இருந்துவிட்டால் காகிதத்தில் குறையே இல்லை. லீ பஜாருக்கு வந்த சரக்கை ஊரிலுள்ள கடைகளின் எண்ணிக்கையால் வகுத்து, எல்லாக் கடையிலும் இருப்பு சரி என்று சொல்வது போலத்தான் இதுவும்.

இடத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் முறை நம் தொழிலில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ராசிபுரத்துக்காரர் துணி எடுக்க சேலம் போவாரா, நாமக்கல் போவாரா? இத்தகைய கேள்விக்கு அமெரிக்காவில் வில்லியம் ரெய்லி 1931-லேயே ஒரு சூத்திரம் எழுதினார். ஊர் பெரிதானால் இழுப்பு கூடும். தூரம் கூடினால் இழுப்பு வேகமாகக் குறையும். 1960-களில் டேவிட் ஹஃப் அதைக் கடைகளுக்குப் பொருத்தினார். அந்த வழியில் வந்ததுதான் 2003-ல் லுவோ, வாங் இருவரும் இல்லினாய் மாநிலத்து மருத்துவர்களை வைத்துச் செய்த கணக்கு. வட்டிக் கணக்கு தெரிந்தவருக்கு இது எளிது.

'அ' நிலையத்தில் மூன்று மருத்துவர், எட்டும் தூரத்தில் 30,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்துக்கு ஒருவர். 'ஆ' நிலையத்தில் இரண்டு மருத்துவர், 10,000 பேர், பத்தாயிரத்துக்கு இருவர். இனி ஊர்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். 'அ' மட்டும் எட்டும் ஊருக்குக் கிடைப்பது ஒன்று. இரண்டும் எட்டும் ஊருக்கு ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்று. ஒரே ஒன்றியத்துக்குள் மும்மடங்கு வேறுபாடு! சராசரியில் இது தெரியவே தெரியாது.

எட்டும் தூரம் எது என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் போதாது. நடுவே திருமணிமுத்தாறு ஓடும். ரயில் பாதை இருக்கும். நாற்கரச் சாலையைக் கடக்க வெகுதூரம் சுற்ற வேண்டியிருக்கும். கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியே 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கிலோமீட்டர் கணக்கு எதற்கு? பஸ் எடுக்கும் நேரத்தையே தூரமாகக் கொள்ள வேண்டும். முப்பது நிமிடம் என்று ஓர் எல்லை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது நம் கருத்து.

கிராமவாரி மக்கள்தொகை கணக்கெடுப்பு நூலிலேயே உண்டு. மருத்துவர் எத்தனை பேர் என்று நிலையத்தில் கேட்கலாம். பஸ் நேரம் நம் கடை வாசலிலேயே தெரியும். சந்தை நாளில் ஒரு முறை, சாதாரண நாளில் ஒரு முறை வரிசையில் நிற்போரை எண்ணிச் சேர்த்தால் கணக்கு இன்னும் உறுதிப்படும். ஊர் வாரியாக இதை ஒரே தாளில் எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவோடு இணைக்கலாம். எந்த ஊருக்கு இன்னொரு மருத்துவரோ துணை நிலையமோ வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிட வேண்டும்.