தேவாரத்து மலை ஏறுவோருக்கு

தேவாரம் என்னும் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரை அடிவாரத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டு, பாறையும் முட்புதரும் நிறைந்த வறண்ட பிரதேசம் என்று முடிவுகட்டித் திரும்பும் பிரயாணிகள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, போடிமெட்டு வரை ஏறிப் பார்த்த பிறகே அபிப்பிராயம் கொள்ளுங்கள் என்பதாகும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியைக் கேரளச் சரிவில் பொழிந்துவிட்டு நம் பக்கம் வெறுங்காற்றாய் இறங்குகிறபடியால், போடிநாயக்கனூரில் வெயிலும் புழுதியுமாக இருக்கும் அதே நாளில், கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பூப்பாறை செல்லும் வழியில் மூடுபனியையும் ஏலத்தோட்டங்களின் பசுமையையும் காணலாம். கீழைச்சரிவு செழிப்பது வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னரே. ஆகவே நடந்து பார்க்க விரும்புவோருக்குக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களே உசிதமானவை.

மாசி பிறந்தபின் புல்வெளிகள் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்த துயரத்தை மலையேறும் ஒவ்வொருவரும் மனத்திலிருத்த வேண்டும். காய்ந்த புல்லில் தீ, சரிவின் மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ஏறும் பழைய நடைபாதையாயினும், குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் பாதையாயினும், வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றிப் புறப்படலாகாது. காட்டுமாடும் யானையும் சஞ்சரிக்கும் அவ்விடங்களில், எந்த ஓடைப் பக்கம் சாணம் இன்னும் ஈரமாய்க் கிடக்கிறது, எங்கே திரும்பிவிட வேண்டும் என்பதை அறிந்தவர் அவரே. பேச்சைக் குறைத்து நடப்போருக்குக் கருமந்தியும் மலையணிலும் மரக்கிளைகளில் தரிசனம் தரும்.

ஏலத்தோட்டத்துக்குள் உரிமையாளரைக் கேட்டே நுழையுங்கள். ஏலக்காய், செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. இலையழகை அண்ணாந்து பார்த்து நடப்பவர், ஒரு குடும்பத்தின் வருமானத்தை அறியாமலே மிதித்துவிடக்கூடும். மருந்து தெளிப்பது வழக்கமாதலால், காயைப் பறித்து வாயிலிடுவதும் தோட்டத்தை ஒட்டிய ஓடையில் நீர் அருந்துவதும் ஆபத்து. இயன்றால் காய் உலர்த்தும் ஸ்டோரைக் காட்டும்படி கேளுங்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகச் சுருங்குவதைக் கண்டவர், அதன் விலையைப் பற்றி மறுபடி முணுமுணுக்க மாட்டார்.

விடியுமுன்னரே தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் தொழிலாளப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி, மாலையில் இறங்குகின்றன. வளைவுகளில் வண்டியை நிறுத்திப் படமெடுத்து அவற்றின் வழியை மறிக்காதீர்கள். முதுவர் என்னும் மலைவாழ் மக்களின் குடிகளுக்குச் சென்றால், பெரியவர்களிடம் வந்த காரியத்தைச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பின்னரே உள்ளே செல்லுங்கள். மலையில் உழைத்து ஜீவனம் நடத்துவோரின் நேரத்துக்கும் முறைக்கும் இணங்கி நடக்கும் பிரயாணிக்கு, அவர்களே வழியும் காட்டி, எந்த வரைபடத்திலும் காணாத விஷயங்களையும் மனமுவந்து சொல்கிறார்கள் என்பது என் அனுபவம்.