நகல் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் கம்பெனியில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 44. வருடாந்திர மெடிக்கல் செக்கப் முடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ‘புளூரல் பிளாக்’, ‘அஸ்பெஸ்டோசிஸ் இல்லை’, ‘ஃபைபர் கவுண்ட் 0.08, லிமிட்டுக்குள்’, ‘ஃபிட்’ என்று இருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். சூப்பர்வைசரோ, “எல்லாம் லிமிட்டுக்குள்தான், போடுய்யா” என்கிறார். போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நகல் கைக்கு வரும்வரை போடாதீர்கள். வந்த பிறகும், “நகல் பெற்றுக்கொண்டேன்” என்று தமிழில் எழுதி, அதன் கீழே போடுங்கள். பெற்றுக்கொண்டதற்குப் போடுவது வேறு, ஏற்றுக்கொண்டதற்குப் போடுவது வேறு.

உங்கள் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டிருக்கும் ‘லிமிட்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஃபைபர் கவுண்ட் என்பது ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 5 மைக்ரானுக்கு மேல் நீளமுள்ள இழைகள் எத்தனை என்ற கணக்கு. 0.08 என்றால் ஒன்றுகூட இல்லையே என்று தோன்றும். எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒருவர் இழுக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர், அதாவது ஒரு கோடி கன சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 8 லட்சம் இழை. லிமிட் என்பது முதலாளி தாண்டக் கூடாத கோடு. அதற்குள் இருந்தால் நோய் வராது என்று எந்தச் சட்டமும் உத்தரவாதம் தரவில்லை. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உள்பட எல்லா வகையுமே புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் நிலை.

அந்த 0.08 எங்கே எடுத்தது என்றும் கேளுங்கள். முறையாக எடுத்தால் இடுப்பில் சின்ன பம்ப், சட்டைக் காலரில் மூக்குக்குப் பக்கத்தில் ஃபில்டர். மூட்டையைக் கிழித்துக் கொட்டுகிறவர் காலரில் எடுத்த கணக்கும், ஆபீஸ் பக்கத்துச் சுவரில் மாட்டி எடுத்த கணக்கும் ஒன்றாகாது.

புளூரல் பிளாக் என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள உறை அங்கங்கே தடித்திருப்பது. அஸ்பெஸ்டோசிஸ் என்றால் நுரையீரலுக்குள்ளேயே தழும்பு விழுந்துவிட்டது. தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பது இரண்டாவதுதான். அதைக் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பிளாக்கை மட்டும் காட்டி இன்று இழப்பீடு கேட்டால் நிற்பது கடினம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தத் தூசு உங்கள் உடம்புக்குள் போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. இந்த நோய்கள் 20, 30 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அன்று நீங்கள் இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டு முன்னால் நிற்கும்போது பேசப் போவது இந்தத் தாள்தான். ‘ஃபிட்’ என்பதும் இன்றைக்கு வேலை செய்யலாம் என்ற அளவோடு சரி.

அதனால்தான் 1995-இல் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மைய வழக்கில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்ட பின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை காக்கச் சொன்னது. நீங்கள் 58-இல் ஓய்வு பெற்றால், இன்னும் 29 வருடம் கம்பெனி அதை வைத்திருக்க வேண்டும். அதைப் பார்க்கும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41-சி பிரிவே தந்தது. அதற்குப் பதிலாக 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தபோதும் அது போய்விடவில்லை.

போன வருடம் யோசிக்காமல் போட்டுவிட்டேனே என்று கலங்க வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுத்தருகிறேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே நிலைமை அதுதான்.

நகல் தர மறுத்தால், பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எக்ஸ்-ரே ஃபிலிமையும் சேர்த்துக் கேளுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது.