எம்.டெக்கா, விமானப்படையா?

பொறியியல் கடைசி ஆண்டில் இருக்கும் சிலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. கேட் தேர்வு எழுதி எம்.டெக், பிறகு பிஎச்.டி என்று போவதா? இந்திய விமானப்படையில் விமானியாக முயல்வதா? வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் சம்பளம், ஆபத்து என்றுதான் ஆரம்பிக்கும். முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் பிறப்புச் சான்றிதழ்.

பறக்கும் பிரிவில் சேர, பயிற்சி தொடங்கும் நாளில் வயது 20-க்கும் 24-க்கும் இடையில் இருக்க வேண்டும். வணிக விமானி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 26 வரை இடமுண்டு. எம்.டெக்குக்கு இப்படி ஒரு கெடு இல்லை. பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் ஆராய்ச்சிக்கு வரலாம், வருகிறார்கள். 21, 22 வயதில் பட்டம் வாங்குகிறவருக்கு விமானப்படைக்கென்று மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுதான். "முதலில் எம்.டெக் முடிக்கிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒத்திப்போட்டால் அந்த இரண்டு ஆண்டும் அதிலேயே கரைந்துவிடும்.

நல்ல வேளையாக, இரண்டுக்கும் ஒரே காலத்தில் முயலலாம். கேட் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கிறது. அதன் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். விமானப்படை நடத்தும் ஏஎஃப்கேட், யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் இரண்டும் ஆண்டுக்கு இரண்டு முறை வருகின்றன. ஆகவே கடைசி ஆண்டிலேயே கேட் எழுதி மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு ஆண்டும் விமானப்படைக்கு முயல்வது நல்ல வரிசை. ஏஎஃப்கேட்டில் வருவது ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு, தர்க்கம். கேட்டுக்குப் படித்தவருக்கு அது பெரிய சுமையாக இருக்காது.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உடம்பை அளந்து பாருங்கள். பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. உட்கார்ந்த நிலை உயரம், கால் நீளம், தொடை நீளம் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. விமானி அறைக்குள் அடங்க வேண்டும், ஆபத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும்போது கால் எதிலும் இடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அளவுகள். நிறக்குருடு இருந்தால் இந்த வழி கிடையாது. கிட்டப்பார்வை விஷயத்திலும் விதி மிகக் கடுமை. லேசர் சிகிச்சை செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அறிவிக்கையைப் படிக்காமல் நம்பாதீர்கள்; எந்த வயதில் செய்தது, எத்தனை மாதம் ஆனது என்பதற்கெல்லாம் நிபந்தனை இருக்கிறது. ஒரு கண் மருத்துவரிடம் அரை மணி நேரம் செலவழித்தால் இரண்டு ஆண்டு ஏமாற்றம் மிச்சமாகலாம்.

எழுத்துத் தேர்வில் தேறினால் அடுத்தது விமானப்படைத் தேர்வு வாரியம். நமக்குப் பக்கம் மைசூரு. உளவியல் தேர்வு, குழுப் பணிகள், நேர்காணல் என்று பல நாள் நடக்கும். அதில் தேறாவிட்டால் திரும்பப் போகலாம். ஆனால் விமானிகளுக்கு மட்டும் சிபிஎஸ்எஸ் என்று ஒரு கணினித் தேர்வு வைக்கிறார்கள். கண், கை, கால் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கின்றனவா, ஒரே நேரத்தில் பல தகவல்களைக் கவனிக்க முடிகிறதா என்று அது பார்க்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தோற்றவர் வேறு எந்த நுழைவு வழியிலும் விமானியாக முடியாது. "சும்மா அனுபவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்புகிறவர்களை நான் தடுப்பது இதனால்தான். காய்ச்சலோடும் தூக்கம் கெட்டும் போய் அந்த ஒரு வாய்ப்பை இழக்க வேண்டாம்.

இவ்வளவும் முயல்வதற்கான நியாயம். கதவு சீக்கிரம் சாத்தப்படும் என்பதற்காக உள்ளே போய்விடக் கூடாது. உண்மையில் எது பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமான சாகசத்தைப் பார்த்து ஆசை வந்தவர்கள் நிறையப் பேர். அன்று உங்கள் மனம் எதில் போய் நின்றது? தேஜஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக, தானாக நிலைகொள்ளாதபடியே அதை வடிவமைத்தார்கள். கணினி ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது பறக்கும். 2001 ஜனவரி 4 அன்று அது முதன்முதலாக மேலெழுந்தபோது, அந்தக் கட்டுப்பாட்டு விதிகளைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதிய ஒரு குழுவின் உழைப்பும் கூடவே எழுந்தது. "அதை எப்படிச் செய்தார்கள்?" என்ற கேள்வி உங்களை விடாமல் பிடித்துக்கொண்டால் சென்னை ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறையோ பெங்களூரு ஐஐஎஸ்சியோதான் உங்கள் இடம். "அதற்குள் உட்கார வேண்டும்" என்று தோன்றினால் மைசூருக்கு ரயில் ஏறுங்கள். விமானம் பிடிக்கும் என்பது வேறு, பறக்கப் பிடிக்கும் என்பது வேறு. பல ஏரோநாட்டிகல் மாணவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

பறக்கத்தான் வேண்டும் என்றாலும் எந்த விமானம் என்பது உங்கள் கையில் முழுக்க இல்லை. ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படைக் கல்லூரியில் பிலாட்டஸ் விமானத்தில் அடிப்படைப் பயிற்சி. அதில் காட்டும் திறமையையும் படையின் தேவையையும் வைத்துப் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கயிற்றில் தூக்கும் ஹெலிகாப்டர் விமானியாக இருக்கவும் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லையென்றால் தயக்கம் நியாயமானது. இன்னொன்று: விமானி முதலில் ஓர் அதிகாரி. ஆட்களை நடத்த வேண்டும். சொன்ன ஊருக்குப் போக வேண்டும். முதுகிலோ காதிலோ ஏற்படும் சிறு குறை பறப்பதை நிறுத்திவிடலாம்.

ஆராய்ச்சிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக எம்.டெக் சேருவது தள்ளிப்போடுவதுதான். பிஎச்.டியில் நான்கைந்து ஆண்டு ஒரே கேள்வியோடு வாழ வேண்டும். மாதக்கணக்கில் எதுவும் நகராது. தட்டிக்கொடுக்கப் படைப்பிரிவு இருக்காது. அங்கே கல்லூரிப் பெயரைவிட கைடு முக்கியம். சேரும் முன் அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கேட் வழியாகச் சேரும் எம்.டெக் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மத்திய அரசின் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் 37,000. விமானப்படை அதிகாரியின் அடிப்படைச் சம்பளமே 56,100-இல் தொடங்குகிறது, படிகள் தனி. ஆனால் ஏஎஃப்கேட் வழியாக வரும் விமானிக்குப் பணிக்காலம் 14 ஆண்டு. நீட்டிப்பு இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 37 வயதை ஒட்டி வெளியே வந்து, பயணிகள் விமானத்துக்கோ வேறு வேலைக்கோ மாற வேண்டும். நிரந்தரப் பணி வேண்டுமானால் சிடிஎஸ் பக்கம் பாருங்கள்.

பறந்துகொண்டே படிக்கவும் வழியுண்டு. 2025-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த சுபான்ஷு சுக்லா போர் விமானி, சோதனை விமானி, ஐஐஎஸ்சியில் எம்.டெக்கும் படித்தவர். ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் படிக்கும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் தருகிறது. ஆனால் ஆழமான ஆராய்ச்சிக்கு இவை மாற்று ஆகாது. அதுதான் லட்சியம் என்றால் 14 ஆண்டு இடைவெளி மிக நீளம்.

ஆபத்தைப் பற்றி வீட்டில் மழுப்பக் கூடாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததில், அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். ஒருவர் ஒரு வாரம் போராடிய பிறகு. அது பயிற்சியும் இல்லை, போரும் இல்லை, சாதாரணப் பயணம். அம்மாவிடமும் அப்பாவிடமும் இதைச் சொல்லி, அவர்கள் பயத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எம்.டெக் இடமும் துண்டிகல் அழைப்பும் ஒரே வாரத்தில் வந்தால்? ஹெலிகாப்டர் கிடைத்தாலும் சந்தோஷம் என்று சொல்லக்கூடியவர் துண்டிகல் போகட்டும்; எம்.டெக் பின்னாலும் கிடைக்கும். போர் விமானம் மட்டும்தான் வேண்டும் என்பவர் ஐஐடிக்குப் போவது மேல். துண்டிகலில் சேர்ந்த பிறகு சொந்த விருப்பத்தில் வெளியேறினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரும். அதனால் இந்தக் கேள்விக்கு அழைப்பு வந்த வாரத்திலேயே, ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.