பூட்டிய வீட்டில் தெள்ளுப்பூச்சி

கடந்த கோடை விடுமுறையில் ஐந்து வாரங்கள் நாங்கள் வெளியூர் சென்றிருந்தோம். எங்கள் பூனை கருப்பியை எதிர்வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்து, கூடத்தில் நாலு முறை நடந்திருப்போம். கணுக்காலில் சுருக்கென்று கடி. அதைத் தொடர்ந்து அரிப்பு. குனிந்து பார்த்தால், என் வேட்டிக் கரையில் எள்ளளவுகூட இல்லாத கரும்பழுப்புப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவை தெள்ளுப்பூச்சிகள்!

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, பூனையே இல்லாத வீட்டில் பூனைப்பூச்சி எப்படி இருக்கும்? ஐந்து வாரமாக அது எதைக் குடித்து உயிர் வாழ்ந்தது?"

நல்ல கேள்வி. இதற்கு விடை கண்டுவிட்டால், பூனையைத் தெள்ளுப்பூச்சியிலிருந்து காக்கும் வழியும் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

நான்கு பருவங்கள்

தெள்ளுப்பூச்சிக்குச் சிறகு இல்லை. உடல் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இருபுறமும் அழுத்தியதுபோல் தட்டையாக இருப்பதால், அடர்ந்த மயிர்களுக்கிடையே எளிதில் நுழைந்து ஓடும். அதன் உடம்பில் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் உண்டு. பூனை நக்கினாலும் சொறிந்தாலும் இம்முட்கள் மயிரில் மாட்டிக்கொண்டு பூச்சியை விழாமல் காக்கின்றன.

வண்ணத்துப்பூச்சியைப் போலவே இதற்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு பருவங்கள். இவற்றில் முதிர்பூச்சி மட்டுமே குருதி குடிக்கிறது. பெண்பூச்சி நாளொன்றுக்கு 20 முதல் 40 முட்டைகள்வரை பூனையின் மேலேயே இடும். ஆனால் அம்முட்டைகள் பேனின் ஈரைப்போல் மயிரில் ஒட்டுவதில்லை. வழுவழுப்பாக இருப்பதால் உதிர்ந்து கீழே விழுகின்றன. பூனை எங்கே அதிகம் படுக்கிறதோ, அங்கே முட்டையும் அதிகம்.

சில நாட்களில் முட்டையிலிருந்து வெண்ணிறப் புழு வெளிவருகிறது. அது வெளிச்சத்தை வெறுக்கும். பாயின் அடி, தரை வெடிப்பு, கட்டிலின் கீழ் என இருண்ட இடம் தேடிப் போகும். அங்கே அதற்கு என்ன உணவு? பூனையின் மேலுள்ள முதிர்பூச்சிகள் வெளியேற்றும் கழிவுதான். செரிக்காத குருதி நிறைந்த அக்கழிவும் முட்டைகளோடு சேர்ந்தே உதிர்கிறது. பிள்ளைகளுக்குத் தாய் மேலிருந்து சோறு போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்!

வளர்ந்த புழு பிசுபிசுப்பான பட்டிழையால் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டின் மேல் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. வெப்பமும் ஈரப்பதமும் தக்க அளவில் இருந்தால் முட்டை முதிர்பூச்சியாக மூன்று வாரங்களே போதும்.

இங்கேதான் என் மகளின் கேள்விக்கு விடை இருக்கிறது. கூட்டினுள் முழு வளர்ச்சி அடைந்த பூச்சி உடனே வெளிவர வேண்டும் என்பதில்லை. உணவு எதுவும் தேவைப்படாமல் அது பல வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூடக் காத்துக் கிடக்கும். அருகில் விலங்கு வந்திருக்கிறது என்பதை அது எப்படி அறிகிறது? தரையின் அதிர்வு, அழுத்தம், உடலின் வெப்பம், மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு ஆகியவையே அதற்கு அழைப்பு மணி. நாங்கள் கூடத்தில் நடந்தோம், மணி அடித்தது, கதவு திறந்தது! பசித்த பூச்சிகளுக்குப் பூனை கிடைக்கவில்லை. எங்கள் கால்கள் கிடைத்தன.

பொதுவாகக் கூறப்படும் ஒரு மதிப்பீடு இது: ஒரு வீட்டில் எல்லாப் பருவங்களும் சேர்ந்து 100 தெள்ளுப்பூச்சிகள் இருந்தால், பூனையின் உடம்பில் ஏறத்தாழ 5 மட்டுமே இருக்கும். மீதி 95-உம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையிலும் படுக்கையிலும் கிடக்கும். பூனைக்கு மட்டும் மருந்திட்டு ஓய்பவர் ஐந்துடன் போரிட்டுத் தொண்ணூற்றைந்தை விட்டுவிடுகிறார்.

கையால் பிடிக்க முடியுமா?

முடியாது. காரணத்தை இயற்பியல் கூறும். பூனைத் தெள்ளுப்பூச்சி ஏறத்தாழ 13 செ.மீ. உயரம் தாவுகிறது எனக் கொள்வோம். தொடக்க வேகத்தின் இருமடி = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 2 × 9.8 × 0.13 = 2.55. இதன் இருமடி மூலம் 1.6. எனவே பூச்சி வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் எழும்புகிறது. இந்த வேகத்தை அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் பெற்றுவிடுகிறது. அப்படியானால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 160 மடங்கு!

எந்தத் தசையும் இவ்வளவு விரைவாகச் சுருங்க இயலாது. பின் எப்படி? உண்டிவில்லை நினைத்துப் பாருங்கள். நாம் ரப்பரை மெதுவாக இழுக்கிறோம். விட்டவுடன் அது ஒரு நொடியில் பாய்கிறது. தெள்ளுப்பூச்சியின் மார்பில் ரெசிலின் என்னும் மீள்தன்மை மிக்க புரதத்தால் ஆன திண்டு உண்டு. தசை அதை மெதுவாக அழுத்தி ஆற்றலைச் சேமிக்கிறது. பிடி விடுபட்டதும் பூச்சி பறக்கிறது. 1967-இல் பென்னெட்-கிளார்க், லூசி என்னும் இருவர் இதை விளக்கினர். 2011-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சட்டன், பர்ரோஸ் ஆகியோர் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம், பூச்சி தன் பின்னங்காலின் கீழ்ப்பகுதியாலும் பாதத்தாலும் தரையை உந்துவதைக் காட்டினர்.

சீப்பும் சோப்பும்

கைக்கு அகப்படாதது சீப்புக்கு அகப்படும். நெருக்கமான பற்கள் கொண்ட பேன்சீப்பே போதும். கழுத்து, வாலின் அடி, வயிறு ஆகிய இடங்களில் மயிர் போகும் திசையில் மெல்ல வாருங்கள். சீப்பில் சிக்கும் பூச்சியை உடனே சோப்புக் கரைசலில் அமிழ்த்துங்கள்.

வெறும் தண்ணீர் போதாதா? கணக்கிட்டுப் பாருங்கள். அரை மில்லிகிராம் நிறையுள்ள பூச்சியின் எடை ஏறத்தாழ 0.000005 நியூட்டன். நீரைத் தொடும் விளிம்பின் நீளம் 4 மில்லிமீட்டர் என்றால், பரப்பு இழுவிசை 0.00029 நியூட்டன்வரை தாங்கும். அதாவது எடையைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல்! நீரின் மேற்பரப்பு அதற்கு விரித்துவைத்த பாய் போன்றது. சோப்பு பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது. பூச்சியின் உடலையும் நனையச் செய்கிறது. மூச்சுத் துளைகளில் நீர் புகுந்து பூச்சி மடிகிறது.

பூனையிடம் பூச்சி கண்ணில் படாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வாரும்போது உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தூவுங்கள். சற்று நேரத்தில் பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் படர்ந்தால் அது மண் அன்று, தெள்ளுப்பூச்சியின் கழிவு. வளையத்தின் நிறம் உங்கள் பூனையின் குருதியே.

நான் செய்த தவறு

கருப்பி வீடு திரும்பிய இரண்டே நாட்களில் ஓயாமல் சொறியத் தொடங்கியது. நாய் வளர்க்கும் நண்பர் ஒருவரிடம், நாயின் பிடரியில் விடும் தெள்ளுப்பூச்சி மருந்து மீதம் இருந்தது. "நாய்க்கு ஆகிறது, பூனைக்கு ஆகாதா? அளவைக் குறைத்து விட்டால் போயிற்று" என்று நினைத்து நானே சில சொட்டு விட்டேன். குழாயின் மேல் அச்சிட்டிருந்ததை வாசிக்கவில்லை. வகுப்பில் மாணவர்களிடம் 'அலகைப் பார், குறிப்பைப் படி' என்று நாளும் சொல்பவன் நான்.

மாலையில் கருப்பியின் காதுகள் துடித்தன. இரவில் உடல் முழுதும் நடுங்கியது. பாத்திரம் துலக்கும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து மருந்தைக் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். இரண்டு நாள் சிகிச்சைக்குப் பிறகுதான் அது எழுந்து நின்றது. பிழைத்தது எங்கள் நல்ல காலம்.

அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின். நாயின் கல்லீரல் அதை மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேதிவினையைச் செய்யும் திறன் மிகக் குறைவு. எனவே நஞ்சு உடலில் தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாவதற்கும் இத்திறன் இன்மை ஒரு காரணம். பூனை சிறிய நாய் அன்று! மேலும், பூனை தன் உடம்பை நக்கியே தூய்மை செய்வதால், தோலில் பூசுவதெல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும். ஆகவே பினாயில், அந்துருண்டை, கற்பூரம் எதையும் பூனையின் மேலோ அதன் படுக்கையிலோ பயன்படுத்தாதீர்கள்.

பூனைக்கென்றே ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், செலமெக்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பூனையின் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் சொல்வதை, சொல்லும் அளவில் இட வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன குட்டிக்குச் சீப்பே முதல் மருந்து. சின்னஞ்சிறு உடலில் பூச்சிகள் மிகுந்தால் குருதி குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நக்கும்போது பூனை தெள்ளுப்பூச்சியையும் விழுங்கிவிடுவது உண்டு. பூச்சியினுள் நாடாப்புழுவின் இளம்பருவம் இருந்தால் அது பூனையின் குடலில் வளரும். மலத்திலோ வாலடியிலோ அரிசி போன்ற வெண்துண்டுகள் தென்பட்டால் குடற்புழு மருந்தும் தேவை.

தரையில் நடக்கும் போர்

இனி அந்தத் தொண்ணூற்றைந்து. பூனை படுக்கும் துணி, சாக்கு, மெத்தை உறை ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் புழு வறண்டு சாகும். கட்டிலடி, மூலை, வெடிப்பு எல்லாவற்றையும் நாள்தோறும் பெருக்கி, குப்பையைப் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெருக்கும் அதிர்வில் கூட்டுப்புழுக்கள் விழித்து வெளிவரும், அதுவும் நல்லதே. மருந்திட்ட பூனையின் மேல் ஏறும் பூச்சி முட்டையிடுமுன் மடியும். வீட்டில் நாயோ வேறு பூனையோ இருந்தால் அவற்றுக்கும், அவற்றுக்கு உரிய மருந்தை, அதே காலத்தில் இட வேண்டும்.

கூட்டினுள் இருப்பவற்றைப் பூச்சிமருந்து எளிதில் எட்டுவதில்லை. ஆகவே ஒருமுறை மருந்திட்டதோடு நில்லாமல், குறைந்தது மூன்று மாதங்கள் தொடர வேண்டும்.

என் மகள் வரைபடத் தாளில் நாளைக் கிடை அச்சிலும், சீப்பில் அகப்பட்ட பூச்சிகளின் எண்ணிக்கையை நேர் அச்சிலும் குறித்து வந்தாள். கோடு முதலில் இறங்கியது. மூன்றாம் வாரம் சற்றே ஏறியது. "மருந்து தோற்றுவிட்டதா, அப்பா?" என்றாள். இல்லை, கூடுகள் திறந்துகொண்டிருந்தன. அதன் பிறகு கோடு இறங்கி, கடைசியில் அச்சைத் தொட்டது. இன்றும் ஞாயிறுதோறும் கருப்பியை வாரிப் பார்க்கிறோம். உங்கள் வீட்டிலும் பூனை இருந்தால் அப்படி ஒரு வரைபடம் வரைந்து பாருங்கள். கோடு நடுவில் ஏறினால் மனம் தளர வேண்டாம். துடைப்பத்தை மட்டும் கீழே வைத்துவிடாதீர்கள்.