ஏழு பேர்ச் முற்றம்

கேள்வி: லயத்தை விட்டு, 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்கு வந்துவிட்டோம். முற்றத்தில் புல்லும் ஹைட்ரேஞ்சியாவும் வைத்து மூன்று மாதமாகிறது. இன்னும் வெறும் மண்தான் தெரிகிறது. எப்போதுதான் தோட்டமாகும்?
– வாசகி, ஹட்டன்

பதில்: 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு போக மிஞ்சியதுதான் முற்றம். சரிவை வெட்டிச் சமப்படுத்தியபோது மேல்மண் போய் அடிமண் வெளியே வந்திருக்கும். அதில் வேர் பிடிக்க நாளாகும். மக்கிய மாட்டெருவைத் தாராளமாகப் போடுங்கள். பூவைவிட அவசரமானது வெட்டிய கரை. மே மாதவாக்கில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் அதைப் புல் மூடியாக வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப ஒரு கானும் வெட்டிவிடுங்கள். கரை சரிந்தால் முற்றமே இருக்காது.

ஹக்கலையைப் பாருங்கள்: 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய இடம், 1884இல்தான் பூந்தோட்டமானது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகாது. இரண்டு மழைக்காலம் பொறுங்கள்.

இன்னொன்று. தேயிலைக்குப் பிடித்த அமில மண்ணில் ஹைட்ரேஞ்சியா பெரும்பாலும் நீலமாகவே பூக்கும். இளஞ்சிவப்பு என்று சொல்லி விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்!