காற்று மெத்தையும் இரண்டு கைகளும்

கேரளத்தில் மலப்புறம் என்று ஒரு மாவட்டம். அங்கே பல வீடுகளில் ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். வீட்டில் வயதான தாய் இருப்பார். மருமகள் இருப்பாள். பிள்ளைகள் இருப்பார்கள். அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தாய்க்கு 75 வயது. ஒரு நாள் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு படுத்த படுக்கைதான். மகன் துபாயில் இருக்கிறான். அவனுக்கு விடுப்பு இல்லை. பணம் அனுப்பினான். "காற்று மெத்தை வாங்கிப் போடு. அம்மாவுக்குப் படுக்கைப் புண் வராது" என்று மனைவியிடம் போனில் சொன்னான்.

மெத்தை வந்தது. மோட்டார் சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. மருமகளுக்கு நிம்மதி. சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆடு, தண்ணீர் என்று மற்ற வேலைகளைப் பார்த்தாள். மாமியாருக்கு வேளா வேளைக்குக் கஞ்சி கொடுத்தாள். துணி மாற்றினாள்.

மூன்றாவது வாரம் துணி மாற்றும்போது பார்த்தாள். முதுகுக்குக் கீழே, இடுப்பு எலும்பு முடிகிற இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. தொட்டால் சூடாக இருந்தது.

மருமகள் பயந்து போனாள். மெத்தை இருக்கும்போது எப்படி வந்தது?

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். உடம்பின் பாரம் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறையும். இரத்தம் போகாத தோல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகும். நாம் தூங்கும்போது நமக்குத் தெரியாமலே புரண்டு புரண்டு படுக்கிறோம். அதனால் நமக்குப் புண் வருவதில்லை. பக்கவாதம் வந்தவரால் புரள முடியாது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் சில பேரால் முடியாது.

காற்று மெத்தையில் வரிசை வரிசையாக அறைகள் இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு வரிசையில் காற்று ஏறும். பக்கத்து வரிசையில் இறங்கும். அதனால் அழுத்தம் இடம் மாறும். நல்ல கருவிதான். ஆனால் அது ஆளைப் புரட்டாது. ஈரத் துணியை மாற்றாது. மின்சாரம் நின்றால் மோட்டார் நின்றுவிடும். எங்காவது கசிந்தால் காற்று இறங்கிவிடும். கடைக்காரர்கள் பல பேர் இதையெல்லாம் சொல்வதில்லை. விற்றால் சரி என்று இருக்கிறார்கள்.

அந்த வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். அதே ஊரில் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தொண்டர் குழுவைச் சேர்ந்தவர். மெத்தையின் அடியில், தாயின் இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழைத்தார்.

"மகளே, இங்கே கை வைத்துப் பார். என்ன தெரிகிறது?"

"அம்மாவின் எலும்பு கையில் படுகிறது சேச்சி."

"எலும்பு படக் கூடாது. ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். காற்று குறைந்திருக்கிறது. சரி, அம்மாவைக் கடைசியாக எப்போது திருப்பிப் படுக்க வைத்தாய்?"

"மெத்தைதான் இருக்கிறதே?"

"மெத்தை இருக்கட்டும். அம்மாவால் தானாகத் திரும்ப முடியுமா?"

"முடியாது."

"அப்படியென்றால் நாம்தான் திருப்ப வேண்டும். வா, நீ அந்தப் பக்கம் பிடி."

இரண்டு பேரும் போர்வையோடு சேர்த்துத் தூக்கித் திருப்பினார்கள். இழுக்கவில்லை. இழுத்தால் தோல் உரியும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தார்கள். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தார்கள். இப்போது குதிகால் எதிலும் படவில்லை. விரிப்பில் இருந்த சுருக்கத்தை இழுத்துவிட்டார்கள். ஒரு சின்னச் சுருக்கம்கூட அந்தத் தோலுக்கு முள்.

கறுத்த இடத்தை மருமகள் தேய்க்கப் போனாள். சேச்சி தடுத்தார். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஸ்பிரிட்டோ பவுடரோ போடவும் கூடாது. அந்தப் பக்கம் அழுத்தம் படாமல் படுக்க வைக்க வேண்டும். சேச்சி தன் கைபேசியில் அந்த இடத்தைப் படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்பினார். நர்ஸ் மறுநாள் நேரிலேயே வந்தார். தோல் இன்னும் உடையவில்லை, இது ஆறும் என்றார். கஞ்சி மட்டும் போதாது, முட்டை, பருப்பு, மீன் எதுவானாலும் கொஞ்சம் மசித்துக் கொடு என்றார். விழுங்கக் கஷ்டப்படுகிறாரா என்பதையும் அவரே பார்த்தார்.

பிறகு சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். மணி 6, இடது பக்கம். மணி 8, மல்லாக்க. மணி 10, வலது பக்கம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவில் எத்தனை முறை என்பதை நர்ஸ் சொன்னார். கைபேசியில் மணி அடிக்கும்படி வைத்தார்கள். மருமகள் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட்டாள். மல்லாக்கப் படுக்க வைக்கும் நேரத்தைக் கறுப்பு ஆறும்வரை விட்டுவிட்டார்கள்.

கைபேசி மணி அடிக்கும். எழுந்து போவது மருமகள். அவளும் மனுஷிதானே? பத்து நாளில் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. இதைச் சேச்சிதான் மகனிடம் வீடியோ போனில் சொன்னார். "தம்பி, இன்னொரு கருவி வேண்டாம். மதியம் நான்கு மணி நேரம் உதவிக்கு ஓர் ஆள் வைக்கப் பணம் அனுப்பு. உன் மனைவி தூங்கட்டும்." மகன் அனுப்பினான். தினமும் ராத்திரி வீடியோவில் அம்மாவோடு பேசவும் ஆரம்பித்தான். அம்மாவின் பேச்சு குழறும். அவனுக்குப் பாதிதான் புரியும். ஆனால் அந்த நேரத்துக்காக அம்மா காத்திருப்பார்.

இது ஒரு கதை. ஆனால் சேச்சி போன்ற தொண்டர்கள் கேரளத்தில் நிஜமாகவே இருக்கிறார்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில், தீராத நோயாளிகளின் வலியைக் குறைக்க ஒரு சங்கம் தொடங்கியது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதாது, ஊரே அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பிறகு வளர்ந்தது. மலப்புறம் பக்கத்து ஊர்களில் சாதாரண மக்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். கடைக்காரர்களும் மாணவர்களும் சேர்ந்தார்கள். ஊர் மக்கள் சில்லறைக் காசு போட்டே செலவைப் பார்த்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. இன்று அங்கே பஞ்சாயத்து மூலமாக நர்ஸ் வீட்டுக்கு வருகிறார்.

அந்தத் தாய்க்குப் பக்கவாதம் ஏன் வந்தது? இரத்தக் கொதிப்பு. வீட்டில் பி.பி. பார்க்கும் கருவி இருந்தது. மகன் போன வருடமே கொண்டுவந்து கொடுத்தான். அது அலமாரியில் இருந்தது. பார்க்க யாருக்கும் தெரியவில்லை.

பார்ப்பது கஷ்டம் இல்லை. முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டை மேல் சுற்றக் கூடாது. வெறும் கையில், முழங்கைக்கு மேலே சுற்ற வேண்டும். பேசக் கூடாது. காப்பி குடித்தவுடன் பார்த்தால் எண் ஏறிக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும்.

இரண்டு எண்கள் தெரியும். மேலே 140 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, கீழே 90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ அது அதிகம். பல நாள் அப்படி இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். தேதி போட்டு எழுதி வைத்தால் டாக்டருக்கு மிகவும் உதவும். எண் இறங்கிவிட்டது என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் இறங்கியிருக்கிறது.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், திடீரென்று பேச்சு குழறினால் கருவியைத் தேட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 112-க்குப் போன் செய்யலாம்.

காது கேட்கும் கருவிக்கும் இதே கதை. பல தாத்தாக்கள் அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். போட்டவுடன் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து மோதும். எரிச்சல் வரும். முதலில் அமைதியான அறையில் கொஞ்ச நேரம் போட்டுப் பழக வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். கத்த வேண்டாம்.

முதியோருக்கென்று மத்திய அரசின் உதவி எண் ஒன்று உண்டு: 14567. இதற்குக் கட்டணம் இல்லை. பென்ஷன், சட்டம், வீட்டில் கொடுமை என்று எதைப் பற்றியும் கேட்கலாம். பேச ஆள் இல்லாத முதியவர் சும்மா பேசுவதற்கும் கூப்பிடலாம்.

எழுதிப் பழகுவோம்

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் உள்ள ஒரு முதியவருக்காக ஓர் அட்டை எழுதுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள். அவர் பெயர், வயது, என்ன நோய், காலையில் என்ன மாத்திரை, இரவில் என்ன மாத்திரை, நர்ஸின் போன் எண், பக்கத்து வீட்டாரின் போன் எண். எழுதி முடித்ததும் அவரிடமே உரக்கப் படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அவர் சொல்வார். பிறகு அவர் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.